உன் வழியில் நான் நிறுத்தி வைத்த ஆட்கள்

பெரியநாயக்கன்பாளையம்,
மார்கழி 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஹர்ஷிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பாடு இறங்குகிறது, அம்மாவுக்கு பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒத்துக்கொண்டது. அங்கே உன் கால் வீக்கம் வடிந்து, காய்ச்சல் திரும்பி வராமல், ஆசிரமத்தில் கொடுப்பதை வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு நீ இருக்க வேண்டும், எங்களுக்கு இப்போது வேறு வேண்டுதல் எதுவும் இல்லை. இந்தக் கடிதம் அம்மா அனுப்பும் பார்சலுக்குள் இருக்கும். களிம்பு, கட்டுத்துணி, காலுறை நான்கு ஜோடி, இஞ்சி மரப்பா, கட்டோடு போட்டுக்கொள்ள ஒரு சைஸ் பெரிய செருப்பு எல்லாம் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பட்வானி ஆசிரமத்தில் கிடைத்துவிடும் என்று கூரியர்காரன் சொன்னான். முதலில் காலுக்கு மருந்து போடு, அப்புறம் இதைப் படி. ஆசிரமத்துக்குப் போன் செய்தே சொல்லியிருக்கலாம்தான். போன் என்றால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய், பாதி விஷயம்தான் உன் கைக்கு வந்திருக்கும். பாதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. பாலிடெக்னிக் ஹாஸ்டலை விட்டு வந்த பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை, அதனால் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊர்ச் சேதி முதலில். தொண்டாமுத்தூர் மாமா தோப்பில் போன வாரம் இரண்டு யானை இறங்கி, நட்டு ஒரு வருஷம்கூட ஆகாத தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, சொட்டுநீர்க் குழாயெல்லாம் நார் நாராகக் கிடக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாமா கன்று போனதைவிட, நான் போன வருஷம் மாட்டிக்கொடுத்த மோட்டாரை யானை தொடவில்லை என்பதைத்தான் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார். பட்டறையில் வேலை இருக்கிறது, ஐந்து ஹெச்.பி. பம்பு ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, பொங்கலுக்கு முன்னால் அனுப்ப வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் நீ புனேவில் கம்பெனி டிரெயினிங்கில் இருப்பதாகத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் அக்காவிடம் மட்டும் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள், அந்த அக்கா தினமும் காலையில் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, ஏனுங் தம்பி, பாப்பா இன்னைக்கு எந்த ஊர்ல யாரு ஊட்டுல சாப்புட்டுதாமா என்று கேட்கிறார். தெரியலைங்கக்கா என்று நான் சொல்கிறேன். அது பொய். போன வாரம்வரை எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்தபோது, வேலையை விட்டுவிட்டேன், நர்மதை ஆற்றை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு, எங்கேயும் குறுக்கே தாண்டாமல், கடல்வரைக்கும் போய் மறுகரை வழியாகத் திரும்பி மூவாயிரம் கிலோமீட்டர் தனியாக நடக்கப்போகிறேன், கையில் காசு வைத்துக்கொள்ளாமல் வழியில் யார் எது கொடுக்கிறார்களோ அதைச் சாப்பிடுவேன் என்று நீ சொன்னாய். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன், ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் நீ என்னிடம் வந்து, அப்பா, நீங்க எனக்கு எல்லாத்தையும் முன்னாடியே ரெடி பண்ணி வெச்சுப்போடறீங்க, ஸ்கூல் சேர்றதுல இருந்து ஹாஸ்டல் ரூம்மேட் வரைக்கும், யாருன்னே தெரியாத ஒருத்தர் எனக்கு ஒரு வாய் சோறு போட்டா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியோணுங்க, அதுக்குத்தான் போறேன் என்றாய். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஆபீஸில் உட்கார்ந்து மேப்பைத் திறந்தேன். நீ நடக்கத் தொடங்கும் ஓம்காரேஷ்வரில் இருந்து பட்வானி வரைக்கும் நர்மதையின் தென்கரை முழுக்க நம் பம்பு போகிற ஊர்கள், பருத்தியும் கரும்பும் போடுகிறவர்கள். அந்த வழியில் எனக்கு நான்கு டீலர்கள். நான்கு பேருக்கும் உன் போட்டோவை அனுப்பி, என் மகள் இந்தத் தேதிவாக்கில் உங்கள் ஊர் வழியாக நடந்து வருவாள், சாப்பாடு போட்டுத் தங்க வையுங்கள், என்னைத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று என் பஸ் ஸ்டாண்டு இந்தியில் சொல்லி வைத்தேன். உனக்கு முன்னால் அந்த வழியில் நான் ஆள் நிறுத்திவிட்டேன்.

பயத்தில் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். நம்ம ஊட்டுப் புள்ள முன்பின் தெரியாத வாசலில் போய்க் கையேந்தி நிற்பதா என்கிற கௌரவக் கோளாறும் இருந்தது. நம் காட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குக்கூடச் சோறு போட்டு அனுப்பித்தான் நமக்குப் பழக்கம், யாரிடமும் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கம் இல்லை. நீ சாப்பிடுவது என் டீலர் வீட்டுச் சோறு என்றால் அது பிச்சை ஆகாது, அவனும் நம்மால் பிழைக்கிறவன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதும்போது கேவலமாக இருக்கிறது, ஆனாலும் இதுதான் உண்மை.

நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைத் திறப்பாய். இரண்டாவது ஞாயிறு ஸ்பீக்கரில் பேசினாயே, அன்றைக்கு நீ அழுதாய். ஒரு வீட்டில் ஒரு அம்மாள் வாசலிலேயே உன்னை உட்கார வைத்துக் காலைக் கழுவிவிட்டதாகவும், சுடச்சுட ரொட்டி சுட்டுப் போட்டுத் தன் சால்வையை எடுத்து உன் தோளில் போர்த்தியதாகவும், என் பேரைக் கூடக் கேக்கலைங்க அப்பா, யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க என்றும் சொன்னாய். கண்ணு, பேர் அவர்களிடம் ஏற்கனவே இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை. அது முதல் டீலர் வீடு. அந்த அம்மாள் அவர் சம்சாரம். சாப்பாடும் இடமும் கொடுக்கச் சொன்னது நான். காலைக் கழுவச் சொல்லியோ சால்வை கொடுக்கச் சொல்லியோ நான் சொல்லவில்லை, அது அவராகச் செய்தது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே முடிவு செய்துகொள். இரண்டாவது ஊரில் நீ வேறு பாதையில் போய்விட்டாய், அந்த டீலர் உன்னைப் பார்க்கவே இல்லை. அந்த ஊரில் உனக்குக் கோவில் மண்டபத்தில் கிச்சடி போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீ போனில் அழுததைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சிஸ்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்தீங்களா, உலகத்துல நல்லவங்க இருக்கறாங்க என்றபோதுதான் முதல் முறையாக ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது ஆள் பாட்டிதார். இவருக்குப் பக்கத்து மாவட்டத்துக்கும் நம் ஏஜென்சி வேண்டும், ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறார், அதனால் நான் சொன்னதற்கு மேலே ஒரு படி செய்ய ஆசைப்பட்டுவிட்டார். தன் கடை சேல்ஸ்மேன் ஒருவனுக்கு பைக்கையும் கொடுத்து உன் பின்னாலேயே போகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தை இரண்டு முறை படித்துக்கொள், ஹர்ஷிணி. இரண்டு நாள் உன் பின்னால் கறுப்பு பைக்கில் ஒருவன் வந்தானே, நீ நின்றால் நின்று, நீ நடந்தால் மெதுவாக உருட்டிக்கொண்டு, நீ திரும்பிப் பார்த்தால் போனைப் பார்ப்பதுபோல நடித்தானே, அவன் என் ஆள். நீ பயந்து ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் ஓடியதும், சேற்றில் ஒரு செருப்பு போனதும், அறுத்துவிட்ட பருத்திச் செடியின் கூர்க்கட்டை உள்ளங்காலில் ஏறியதும் என்னால்தான். வேறு யாரும் உன்னை மிரட்டவில்லை. அந்த வழியில் நீ பயந்த ஒரே மனிதன் நான் வைத்த மனிதன்.

அப்புறம் நடந்ததைக் கேள். அந்த சேல்ஸ்மேன் உன்னைத் தொலைத்துவிட்டான். தொலைத்தேன் என்று சொன்னால் முதலாளி திட்டுவார் என்று, தினம் காலையும் மாலையும் எனக்கு ஆல் ஓகே சார் என்று மெசேஜ் போட்டுக்கொண்டு இருந்தான். மூன்று நாள். அந்த மூன்று நாளும் நீ காலில் சீழ் வைத்துக் காய்ச்சலோடு, எனக்குப் பேர் தெரியாத ஒரு குடிசையில் கிடந்திருக்கிறாய். நான் இங்கே அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மோட்டார் ஓட்டி டெஸ்ட் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இருபது வருஷம் டெஸ்டிங்கில் நின்றவன் நான், முள் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிற கேஜை நம்பக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்.

போன ஞாயிறு நீ ஆசிரமத்தில் இருந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பருத்தி எடுக்கிற கூலிக்காரப் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் உன்னைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், கட்டையைப் பிடுங்கி, வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் கழுவி, தங்களுக்கு இருந்த ஒரே கட்டிலை உனக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்து, நான்காம் நாள் யாரோ ஒருவரின் டிராக்டரைக் கேட்டு வாங்கி ஆசிரமத்தில் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னாய். போனை வைத்ததும் நான் பாட்டிதாருக்குத்தான் அடித்தேன். அந்த இரண்டு பேரும் நீங்கள் அனுப்பியவர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடக்கூடாதா என்று இருந்தது எனக்கு. அவர் இல்லை என்றார், அப்படி யாரையும் தெரியாது, கூலிக்கு வருகிறவர்கள், பருத்தி முடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். கிணறு இல்லாதவன் பம்பு வாங்க மாட்டான், பம்பு வாங்காதவன் என் லிஸ்டில் வர மாட்டான். நான் மேப்பில் எவ்வளவு புள்ளி வைத்தாலும் அந்தக் குடிசை அதில் வந்திருக்காது. என் மகள் மூன்று நாள் எனக்கு எந்தப் பிடியும் இல்லாத மனிதர்கள் கையில் இருந்தாள் என்று நினைத்ததும் முதலில் பயம்தான் வந்தது. நன்றி எல்லாம் அப்புறம்தான் வந்தது, அதுவும் முழுசாக வந்ததா என்று தெரியவில்லை.

நான் பாட்டிதாரிடம் பேசியதை அம்மா கேட்டுவிட்டாள். அவளுக்கு இந்தி தெரியாது, ஆனால் உன் பேரும் பைக்கும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்ல வைத்தாள். சொல்லி முடித்ததும், ஏனுங்க, புள்ள சாமிய நெனைச்சுக்கிட்டு நடந்துட்டிருக்கா, நீங்க அங்க டீலர் மீட்டிங் போட்டுட்டு இருக்கறீங்களா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அப்புறம் இரண்டு நாளாகச் சாப்பாடு மட்டும்தான் வருகிறது. நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்று டிக்கெட் போட்டேன். அதற்கு, நீங்க போனா அதுவும் ஒரு டீலர் விசிட்டுதானுங்க, எழுதுங்க, அவ படிச்சுப்போட்டு என்ன பண்றதுன்னு அவளே பாக்கட்டும் என்றாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு எழுதுகிறேன்.

இவ்வளவு நாள் சொல்லாதவன் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ அம்மாவிடம் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் காரணம். பட்வானி தாண்டினால் காடு என்றும், ஆசிரமத்தில் இருக்கும் மராத்திப் பெண்கள் எட்டுப் பேர் திங்கட்கிழமை சேர்ந்து கிளம்புவதாகவும், உன்னையும் கூப்பிட்டதாகவும், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, இத்தனை நாள்ல அந்த பைக்குக்காரனைத் தவிர யாரும் என்னைப் பயமுறுத்தலைங்கம்மா, எங்க போனாலும் யாராவது வந்து நிக்கறாங்க, இனிமேலும் நிப்பாங்க என்றாய். அந்தக் கணக்கில் நான் கலப்படம் செய்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது பின்பக்கம் இன்னொரு லைனைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஜாஸ்தியாக வருவதாகக் காட்டினால் அந்த பம்பு டெஸ்டில் பாஸாகும், ஆனால் வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் இறக்குகிறவன் நாசமாய்ப் போவான். என் பட்டறையில் அப்படிச் செய்தவனை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்கு நான் அதைத்தான் செய்துவிட்டேன். யாராவது வந்து நின்றார்கள் என்றால் ஒரு வீட்டில் நான் சொல்லி நின்றார்கள். அதை நம்பி நீ காட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது.

கலப்படத்தைக் கழித்தால் உனக்கு மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: மண்டபத்தில் கிச்சடி போட்டவர்கள், வழியில் டீயும் கடலையும் கொடுத்தவர்கள், கட்டிலை விட்டுக்கொடுத்த இரண்டு பேர், டிராக்டர் கொடுத்த ஒருவர். இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, இவர்களுக்கும் என்னைத் தெரியாது. இது கொஞ்சமா நிறையவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தீபாவளிக்கு நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னது இதைத்தான் என்றால், அது உனக்கு அந்தக் குடிசையில் கிடைத்துவிட்டது. நான் குறுக்கே கட்டையைப் போடாமல் இருந்திருந்தால், காலில் ஓட்டை இல்லாமலே கிடைத்திருக்கும்.

காட்டைப் பற்றி நெட்டில் பத்து விதமாக எழுதியிருக்கிறார்கள், வழிப்பறி, அது இது என்று, அதில் பாதியை நான் நம்பவில்லை. ஆனால் அங்கே ஆஸ்பத்திரி கிடையாது, பல இடத்தில் சிக்னல் கிடையாது, உன் கால் இன்னும் ஆறவில்லை, இது மூன்றும் கதை இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால் அந்த எட்டுப் பேரோடு போ. அவர்களையும் எனக்குத் தெரியாது, நான் ஏற்பாடு செய்தவர்கள் இல்லை, சந்தேகம் என்றால் அம்மாவைக் கேள், அம்மா பொய் சொல்ல மாட்டாள். கால் ஆறும்வரை ஆசிரமத்திலேயே இருந்துவிட்டுத் தனியாகத்தான் போவேன் என்றாலும் போ. வீட்டுக்குத் திரும்பி வா என்று நான் எழுதவில்லை. இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதைப் புதிதாக எழுதுகிறேன்.

உன்னைக் கையில் வாங்கும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் செட்டு ஆட்களுக்கு இன்னும் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பதை யாரையும் கேட்டு நான் செய்யவில்லை, ஒரு மெஷினை ஓட்டிப் பழகுகிற மாதிரி, எது உடையும் என்று முன்னாலேயே பார்த்துப் பார்த்து டைட் பண்ணிக்கொண்டே வந்தேன். உனக்கு இப்போது அதே இருபத்திரண்டு. எந்த போல்ட்டைத் தளர விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை நான்கு டீலர்களுக்கும் போன் செய்துவிட்டேன். என் மகள் வந்தால் உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள், எனக்காக எதுவும் செய்ய வேண்டாம், எனக்குச் சேதியும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்காவது ஆள் பட்வானியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை உனக்குப் பழம் கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தார், இனி வர மாட்டார். ஒருவேளை வந்தால் அது அவர் விருப்பம், என்னைச் சேர்ந்தது இல்லை, நீயே முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொள். சால்வை கொடுத்த அந்த அம்மாளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு அம்மா ஒரு புடவை அனுப்புகிறாள், அவரையும் இந்த நாடகத்தில் நடிக்க வைத்துவிட்டேன்.

கோபம் இருந்தால் கோபமாகவே இரு, அதற்கு அவசரமில்லை. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, கூட்டத்தோடா தனியாகவா என்பதை மட்டும் சொல்லிவிடு, எதைச் சொன்னாலும் நான் அதில் கை வைக்க மாட்டேன். கட்டுத்துணியை இரண்டு நாளைக்கு ஒரு முறை பிரித்துப் பார், ஓரம் சிவந்தால் அன்றைக்கு நடக்காதே. நீ நல்லபடியாக நடந்து, நல்லபடியாகச் சுற்றி வந்து சேர வேண்டும், அம்மா தினம் விளக்கு வைத்து வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் போய் நிற்கிறேன். பட்வானிக்கு அப்பால் எனக்கு ஒருவரையும் தெரியாது கண்ணு, டீலர் இல்லை, போன் நம்பர் இல்லை, ஒரு ஆள் இல்லை. அதற்கு மேல் உனக்கு யார் சோறு போட்டாலும் அது உனக்குப் போட்ட சோறுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிருபாசங்கர்.